நுண்செவி வட்டத்தின் இளைய உறுப்பினர்

ஜூன் 4, வியாழன்

ஜெசிந்தா, இந்நேரத்துக்கு எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மணி பன்னிரண்டேகால். பகலில் நோட்டைத் திறந்தால் மகிழினி பேனாவைப் பிடுங்கி மூடியைத் தின்னப் பார்க்கிறாள். அவளுக்கு ஏழரை மாதம். இந்த வீட்டில் என் எழுத்தின் மேல் ஆர்வம் காட்டும் ஒரே ஜீவன் அவள்தான். விடுதியில் நாமிருவரும் ஒரே நோட்டில் தேதி போட்டு மாற்றி மாற்றி எழுதினோமே, அதே மாதிரி எழுதுகிறேன். சில வாரம் சேர்த்து வைத்துப் படமெடுத்து அனுப்புவேன். இரண்டு வருடம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு இப்போது வந்து நிற்கிறாளே என்று நினைப்பாய். நினை.

இன்று ஸ்பெயினிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே பதினோரு இசைத்தட்டுகள், எல்லாம் தொண்ணூறு வயதுக்கு மேல். ஒன்று வழியிலேயே உடைந்துவிட்டது, அதிர்ஷ்டசாலி. மிச்சம் பத்தும் ஃபிளமெங்கோ கிட்டார். ஃபிளமெங்கோ என்றால் ஸ்பெயினின் தெற்கே ஒருவர் தொண்டை கிழியப் பாட, இன்னொருவர் கிட்டார் வாசிக்க, மூன்றாமவர் தரையை உதைத்து ஆடுவது. இது என் விளக்கம். என் வீட்டுக்காரர் நவநீதனின் விளக்கம் நாற்பது நிமிடம் ஓடும்.

நீ அவரைக் கல்யாணத்தில் பார்த்ததுதான். பம்ப் மோட்டார் கம்பெனியில் சோதனைப் பிரிவு. ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மோட்டாரிலும் பிடியைக் காதிலும் வைத்து, எந்த பேரிங் எத்தனை நாளில் போகும் என்று சொல்லிவிடுவார். அந்தக் காதுக்கு ஒரு சங்கமும் இருக்கிறது. நுண்செவி வட்டம். இரண்டாவது ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் ஐந்து ஆண்கள் கூடிப் பழைய தட்டுகளைக் கேட்பார்கள். அப்போது மின்விசிறி ஓடக்கூடாது, குக்கர் வைக்கக்கூடாது, டீ டம்ளர் தட்டில் இடிக்கக்கூடாது. சிங்காநல்லூர் வெயிலில் கண்ணை மூடி வேர்த்து வழிவார்கள். பார்த்தால் ஏதோ வேண்டுதல் போலிருக்கும்.

பெட்டியைச் சுத்தியலும் கடப்பாரையுமாக உடைத்துத்தான் திறந்தார்கள். மகி பக்கத்திலேயே பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள், அசையவில்லை. "தங்கமான புள்ள. இடி உளுந்தாலும் எந்திரிக்காது," என்றார் அத்தை, நவநீதனின் அம்மா. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஜூன் 5, வெள்ளி

சமையலறையில் தாம்பாளத்தைக் கீழே போட்டுவிட்டேன். கை தவறியது.

ஜூன் 6, சனி

இன்றும் தவறியது. இரண்டு முறை. "கையில எண்ணெய்யா அம்முணி?" என்று அத்தை கேட்டார்.

ஜூன் 7, ஞாயிறு

ஜெசிந்தா, கை தவறவில்லை. மகியின் முதுகுப் பக்கம் நின்று போட்டேன். அத்தை திடுக்கிட்டார், கீழ் வீட்டு நாய் குரைத்தது, நானே திடுக்கிட்டேன். மகி தன் கால் கட்டைவிரலை ஆராய்ந்துகொண்டிருந்தாள். மே மாதம் நடுவிலிருந்தே இப்படிச் செய்துகொண்டிருக்கிறேன். கைதட்டி, சாவிக் கொத்தை ஆட்டி, பெயர் சொல்லி. என் முகம் தெரிந்தால் வாயெல்லாம் சிரிப்பு, முகம் தெரியாவிட்டால் நான் இல்லை.

பிரசவம் பார்த்த நர்சிங் ஹோமில் காது சோதனை எதுவும் செய்யவில்லை. கேட்கவேண்டும் என்று எனக்கும் தெரியாது. பெரிய படிப்பு படித்தவள்.

உன் மகன் ஜெரோமுக்குக் காதில் மெஷின் வைத்தது எனக்குத் தெரியும். அப்போதே தெரியும். இன்றைக்கு இவ்வளவுதான் எழுத முடிகிறது.

ஜூன் 9, செவ்வாய்

வரும் ஞாயிறு வட்டத்தில் நவநீதன் உரை. தலைப்பு, 'மனிதக் கைக்கு எட்டாத வேகம்'. பத்துத் தட்டுகளில் ஒன்றின் லேபிள் பாதி கிழிந்திருக்கிறது. பாடியவர் பெயரும் இல்லை, வாசித்தவர் பெயரும் இல்லை, 'கிட்டார் துணையுடன்' என்ற சொற்களும் சுற்றின் எண்ணும் மட்டும் மிச்சம். அந்தப் பெயரில்லாதவர்தான் உலகத்திலேயே வேகமான வாசிப்பாளர் என்பது இவருடைய கண்டுபிடிப்பு. விநாடிக்கு இத்தனை சுரம் என்று அட்டவணை எல்லாம் போட்டு வைத்திருக்கிறார்.

துணி காயப்போடப் போனவள் எட்டிப் பார்த்தேன். தட்டு சுழலும் மேசையில் ஸ்ருதிப் பெட்டியும் பாடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, இது எதுக்கு?"

"ஸ்ருதி சேர்க்க."

"தட்டுக்கா?"

"நாலரைக்கும் கீழ, ரெண்டுங்கெட்டானா நின்னுச்சு. காதுக்கு ஒப்பலை. அஞ்சு கட்டைக்கு ஏத்திட்டேன்."

புரிகிறதா? அந்த மேசையின் மோட்டார் இவரே கட்டியது, வேகத்தைத் திருகலாம். வேகம் கூடினால் ஸ்ருதியும் ஏறும். சிறு வயதில் ஏழு வருடம் பாட்டு வகுப்புக்குப் போன காது இவருக்கு. கட்டையில் நிற்காத எதையும் அது ஏற்றுக்கொள்ளாது. ஆகவே செத்துப்போன ஸ்பானியர் ஒருவர் கோயமுத்தூர் ஸ்ருதிப் பெட்டிக்கு அடங்கி ஓட வேண்டியதாயிற்று. மனிதக் கைக்கு எட்டாமல் என்ன செய்யும்?

"லேபிள்லயே எழுபத்தெட்டுச் சுத்துனு போட்டிருக்குங்க."

"அது சாமானியக் காதுக்கு."

எனக்கு வேலை வந்துவிட்டது. ஒரு வட்டக் காகிதத்தில் ஓரமாக எழுபத்தேழு கோடுகள் சம இடைவெளியில் வரைந்தேன். தட்டின் மேல் வைத்து, சோக்கு போட்ட பழைய குழல்விளக்கை அதன் மேல் பிடிக்கச் சொன்னேன். நம் மின்சாரத்தில் அந்த விளக்கு விநாடிக்கு நூறு தடவை மினுக்கும். தட்டு நிமிடத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்றில் ஓடினால் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும், வேகம் கூடினால் முன்னால் ஓடும். அவை பேருந்தைப் பிடிக்கிறவர்கள் மாதிரி ஓடின. திருகைக் குறைத்துக்கொண்டே வந்தேன். கோடுகள் நின்றன. கல்யாணத்துக்குப் பிறகு என் இயற்பியல் பட்டம் வேலை செய்தது இன்றைக்குத்தான்.

காகிதத்தை எடுத்துவிட்டு முள்ளை வைத்தார். ஜெசிந்தா, கேலி செய்யத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த ஓடுகிற பூச்சி சத்தம் போய், ஒரு மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தார். கட்டைவிரல் அடித்தந்தியை அழுத்தி விழுந்தது. நாலு நகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்து தந்திகளை வாரின. நடுவில் நகம் மரத்தையே டொக்கென்று தட்டியது, யாரோ கதவுக்கு வெளியில் நிற்பதுபோல. பாடுகிறவர் ஓர் உயிரெழுத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார். அவர் எப்போது முடிப்பார் என்று யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. கிட்டார்காரர் அவசரப்படவில்லை. பல தந்தி சேர்ந்து ஒலிக்கும் அதே இரண்டு ஒலிக்கட்டுகளை மெதுவாக, மறுபடி மறுபடி, அவருக்குக் கீழே போட்டுக்கொண்டே இருக்கிறார். பாட்டுக்காரர் மூச்சு வாங்கும் இடத்தில், அந்தச் சின்ன இடைவெளிக்குள், தனக்குச் சொல்ல இருப்பதைச் சொல்லிவிட்டு உடனே விலகிக்கொள்கிறார். மூன்று நிமிடத் தட்டில் அவருக்கென்று கிடைத்தது நாற்பது விநாடி இருக்கும். மிச்சமெல்லாம் காத்திருப்பு. அதையும் எப்படிக் காத்திருக்கிறார் தெரியுமா, தப்பே இல்லாமல்.

"ஞாயித்துக்கிழமை நான் என்ன பேசறது?" என்றார் நவநீதன்.

"நிதானத்தைப் பத்திப் பேசுங்க."

மேசையை நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்தார். நானும் நல்ல நேரம் பார்த்தேன், பார். குழம்பை ஊற்றிக்கொண்டே, "பாப்பாவுக்குக் காது கேக்குதான்னு ஒரு தடவை காட்டிரலாங்க," என்றேன்.

"நான் கேக்கறது எல்லாமே உனக்குத் தப்பு. இப்பப் பாப்பா கேக்கறதும் தப்பு," என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனார்.

ஜூன் 11, வியாழன்

அற்புதம் நிகழ்ந்துவிட்டது. அத்தை மகியைப் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியை ஒட்டி உட்கார வைத்திருக்கிறார். பெயரில்லாதவரின் தட்டு ஓடியிருக்கிறது. அதன் கடைசிப் பகுதியில் ஆடுகிறவர் காலால் தரையை உதைப்பார், கிட்டார்காரர் மரத்தைத் தட்டிப் பதில் சொல்வார். ஒவ்வொரு தட்டுக்கும் மகி கெக்கெக்கென்று சிரித்திருக்கிறாள்.

"என்ற பேத்தி தாளம் போடறா, வந்து பாருங்கோ," என்று அத்தை கூப்பிட்டார். நவநீதன் படம் பிடித்தார். வட்டத்துக்கு அனுப்பினார். பத்து நிமிடத்தில் கைகூப்பும் பொம்மைகளாக வந்து குவிந்தன. வட்டத் தலைவர் டாக்டர் கோவிந்தராஜுலு, 'சினிமாப் பாட்டுக்கு அசையாத குழந்தை, இதற்குச் சிரிக்கிறது. பூர்வஜென்ம வாசனை' என்று எழுதியிருந்தார். அவர் ஓய்வுபெற்ற காது மூக்கு தொண்டை டாக்டர் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உரையின் தலைப்பு மாறிவிட்டது. 'குழந்தைச் செவியில் பன்னிரண்டு அடித் தாளம்'. ஃபிளமெங்கோவில் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு அடியாம்.

படத்தை நான் பதினைந்து முறை பார்த்தேன். மகியின் இரண்டு உள்ளங்கைகளும் பெட்டியின் மரத்தில் அப்பியிருந்தன. நானும் போய்க் கையை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு உதைக்கும் மரம் அதிர்ந்தது.

சத்தம் அதிகம் என்று கீழ் வீட்டுக்காரர் மூன்றாம் முறையாக வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் 14, ஞாயிறு

வட்டம் கூடியது. விசிறி நின்றது. மகிக்குப் புதுச் சட்டை. பெட்டி அருகே ஒரு மெத்தை போட்டு, அதில் உற்சவ மூர்த்தி போல உட்கார வைத்தார்கள்.

முதலில் மிருதங்கம் சபேசன் சார் தாளத்தை அவிழ்த்தார். பன்னிரண்டு என்றால் ரூபகம் நாலு சுற்று, அவ்வளவுதான் என்று தொடையில் போட ஆரம்பித்தார். ஸ்பெயின்காரர் அழுத்தும் இடமெல்லாம் இவர் கை மேலே இருந்தது, இவர் அடிக்கும் இடமெல்லாம் அவர் சும்மா இருந்தார். "ரெக்கார்டு பண்றப்ப ஏதோ தடுமாறியிருக்காங்க," என்று முடித்தார்.

டீ கொடுக்கும்போது டாக்டரிடம் குனிந்து கேட்டேன். "டாக்டர், பாப்பாவுக்கு ஒரு காது டெஸ்ட் எடுத்தா நல்லதுங்களா?"

"இவளுக்கா? ஏம்மா, நாப்பது வருஷமாக் காது பாத்தவன் நான். வட்டத்துல இவளைச் சேத்துட்டு சபேசனை எடுத்திரலாம்னு இருக்கோம்."

எல்லோரும் சிரித்தார்கள். சபேசன் சாரும் சிரித்தார். தட்டு சுழன்றது. கால் உதையும் மரத்தட்டலும் வரும் இடம் வந்ததும் மகி சிரித்தாள். நுண்செவிகள் கண் திறந்து பார்த்து ஆகா என்றன.

எனக்கு என்ன ஆயிற்றோ, டம்ளர்களைக் கீழே வைத்தேன். சத்தமாகத்தான் வைத்தேன். போய் மகியைத் தூக்கிக்கொண்டேன். பெட்டிக்கு அவள் முதுகு காட்டி, எதிலும் படாமல், அந்தரத்தில் பிடித்துக்கொண்டேன்.

"மறுபடி அதே எடத்துல வைங்க. சத்தத்தைக் கூட்டுங்க."

"ரேணுகா, என்ன பண்றே?"

"கூட்டுங்க."

நவநீதன் என்னையே பார்த்தார். பிறகு கூட்டினார். ஓட்டுக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல் கால்கள் இறங்கின. ஐந்து பேரும் முகத்தைச் சுளித்தார்கள். மகி என் குர்தாவின் பித்தானைச் சப்பிக்கொண்டிருந்தாள். திருப்பி, அவள் உள்ளங்கையை மரத்தில் வைத்தேன். சிரித்தாள். எடுத்தேன். நிறுத்தினாள். வைத்தேன். சிரித்தாள். மூன்றாம் தடவை செய்யவில்லை, குரங்காட்டி மாதிரி இருந்தது.

தட்டு முடிந்து முள் உள்வளையத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை. டாக்டர் எழுந்து வந்து மகியின் பின்னால் நின்றார். ஒரு காதுக்குப் பக்கத்தில் சாவிக் கொத்தைக் குலுக்கினார். அடுத்த காதுக்குப் பக்கத்தில் குலுக்கினார். அப்புறம் அதைச் சட்டைப்பையில் போட்டார்.

"நாளைக்கு எழுதித் தரேம்மா. தூங்க வெச்சு எடுக்கற டெஸ்ட்டு. உடனே போயிருங்க," என்றார். அவர் குரல் என் காதுக்கே சரியாக எட்டவில்லை.

"விசிறியைப் போடும்மா," என்றார் சபேசன் சார். "கொழந்தைக்கு வேர்க்குது."

ஜூன் 16, செவ்வாய்

அத்தை காலையிலிருந்து இரண்டு வேலை செய்கிறார். ஒன்று, மகியின் முகத்துக்கு நேராகப் போய்க் கத்துவது. இன்னொன்று, "எங்க வகையறாவுல ஆருக்குமே காது மந்தமில்லை. உங்க ஊர்ல கேட்டுப் பாரு கண்ணு," என்று என்னிடம் சொல்வது. கேட்டுப் பார்க்கிறேன் அத்தை என்றேன். யாரைக் கேட்பது, பதினாறு தலைமுறையையா?

ஒலிபெருக்கி மேசையைத் துடைத்தேன். சத்தம் கூட்டும் திருகைச் சுற்றி, உலோகத் தகட்டில், பென்சிலால் பொடிப்பொடியாகக் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தேதி. முதல் தேதி ஏப்ரல் 19. கடைசி ஜூன் 12. கோடுகள் வலப்பக்கமாக ஏறிக்கொண்டே போகின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெருக்கல் குறி. எல்லாம் பெருக்கல் குறி. சரி என்ற குறி ஒன்றுகூட இல்லை.

நான் கைதட்டிப் பார்க்க ஆரம்பித்தது மே மாதம்.

சாயங்காலம் அவர் வந்ததும் காட்டினேன். "ஏப்ரல்லயே தெரியுமா?"

"தெரியாது. ரீடிங் எடுத்துட்டிருந்தேன்."

"ரெண்டு மாசமாவா?"

"ஒரு தடவை திரும்பிட்டாள்னா அழிச்சுரலாம்னுதான் பென்சில்ல போட்டேன்."

"அப்பறம் எதுக்கு அந்தப் படத்தை ஊரெல்லாம் அனுப்புனீங்க?"

ஷூவைக் கழற்றிக்கொண்டே இருந்தார். ஒரு ஷூ கழற்ற இவ்வளவு நேரம் எடுக்காது. "சிரிச்சாளே, ரேணு," என்றார். "டாக்டர் பார்த்துட்டு நல்லாக் கேக்குதுன்னு சொன்னா, நான் எடுத்த ரீடிங் தப்புன்னு ஆயிரும்ல."

முன்பக்கங்களைப் படித்துப் பார்த்தேன். அவரைப் பற்றி எழுதியதெல்லாம் அப்படியே இருக்கட்டும், அடிக்கவில்லை. ஸ்ருதிப் பெட்டி விஷயத்தில் அவர் முட்டாள்தான்.

ஜூன் 22, திங்கள்

சோதனை முடிந்தது. இனிப்பு மருந்து கொடுத்துத் தூங்க வைத்தார்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்னச் சின்னதாக ஒட்டி, ஒயர் மாட்டினார்கள். அறைக்குள் விசிறி இல்லை, பேசக்கூடாது, செருப்பு கூடாது. நுண்செவி வட்டத்தின் விதிகள்தான். திரையில் கோடு கோடாக வந்தது. மேடு வர வேண்டிய இடத்தில் மேடு வரவில்லை. அதைப் படிக்க எனக்கு யாரும் தேவைப்படவில்லை.

இரண்டு காதும். தொண்ணூறு டெசிபலுக்கு மேல் போனால்தான் ஏதாவது கேட்கும்.

சோதனை செய்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். அவசரமில்லாமல் சொன்னாள். நவநீதன் எந்த அதிர்வெண்ணுக்கு எவ்வளவு என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இங்கேயும் ரீடிங்கா என்று எனக்கு எரிச்சல். எட்டிப் பார்த்தால், ஒரே எண்ணை மூன்று இடத்தில் எழுதியிருந்தார்.

இப்போதைக்கு மெஷின். அதில் சரிவரவில்லை என்றால் அறுவை செய்து உள்ளே வைக்கும் கருவி. ஒரு வயது ஆவதற்குள் முடிவெடுத்தால் பேச்சு நன்றாக வரும் என்றாள்.

ஜூன் 23, செவ்வாய்

நுண்செவி வட்டம் ஒருமனதாக அனுதாபத் தீர்மானம் நிறைவேற்றிக் குழுவில் போட்டிருக்கிறது. 'யாரும் சாகவில்லை' என்று நவநீதன் பதில் போட்டார். அவரை எனக்குப் பிடித்துப்போன நாட்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம், அதில் இன்றும் ஒன்று.

ஜூன் 25, வியாழன்

மெஷினுக்காகக் காதில் பசை மாதிரி ஒன்றை ஊற்றி அச்சு எடுத்தார்கள். மகி கத்திய கத்தலில் கட்டடமே திரும்பியது. அவளைத் தவிர.

இனி எழுதாமல் தள்ளிப்போட்டதற்கு வருகிறேன். ஜெரோமுக்குக் கேட்கவில்லை என்று உனக்கு அவனுடைய இரண்டாவது வயதில்தான் தெரிந்தது. அதை விடுதிக் குழுவில் யாரோ சொன்னார்கள். நான் உனக்குப் போன் செய்யவில்லை. பதிலாக, மூன்று பேரிடம், "பெத்தவளுக்கு ரெண்டு வருஷமாத் தெரியாதாமா?" என்று கேட்டேன். அப்போது எனக்குக் குழந்தை இல்லை. ஆனால் வாய் இருந்தது. அது உன் காதுக்கு வந்ததா, வரவில்லையா என்று தெரியாது. வந்திருந்தால், நான்தான் சொன்னேன். வந்திருக்காவிட்டாலும் நான்தான் சொன்னேன்.

இப்போது எனக்குத் தெரிய வேண்டியவை இருக்கின்றன. இங்கே கேட்க ஆளில்லை. ஜெரோம் மெஷினைப் பிடுங்கி எறிந்தானா? எத்தனை நாள்? தொப்பி போட்டுக் கட்டினாயா, ஒட்டும் பட்டை போட்டாயா? குளிப்பாட்டும்போது எங்கே வைப்பாய்? முதன்முதலில் கேட்டபோது அழுதானா? எதைக் கேட்டு அழுதான்? பிறகு அவனுக்கும் உள்ளே கருவி வைத்தீர்களே, அந்த அறுவைக்கு நீங்கள் சம்மதித்தபோது எதைப் பார்த்து முடிவெடுத்தீர்கள்? நவநீதன் கேட்கச் சொல்கிறார், கருவி வைத்த பிறகு கிட்டார் மாதிரி ஒன்று அவர்களுக்கு எப்படிக் கேட்கும்? இதற்கு உனக்குப் பதில் தெரியாவிட்டால் பரவாயில்லை, அவரிடம் நான் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன்.

அறுவைக்குப் பெயரைப் பதிவு செய்வதா வேண்டாமா என்று சனிக்கிழமை பதினொரு மணிக்கு எங்களைக் கேட்பார்கள். அத்தை வேண்டாம் என்கிறார். நவநீதன் என் முகத்தைப் பார்க்கிறார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து இப்போது அனுப்புகிறேன். திட்டுவதாக இருந்தால் முதலில் திட்டிவிட்டு, அப்புறம் மேலே கேட்டதற்குப் பதில் எழுது. சனிக்கிழமைக்குள் எழுது.